பன்னிரண்டு மடங்கு

என்னைப் போலச் சுவிஸில் வளர்ந்த உங்களுக்கும் இப்போது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். வாசிப்புக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடித் திரிகிற வயது. நாம் எங்கே சந்தித்துக்கொண்டாலும், கல்யாண வீடோ செத்த வீடோ, கடைசியில் ஒரு கதைக்குத்தான் வந்து நிற்கிறோம்: சின்ன வயதில் அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்த்த கதை. ஒருத்தி தாயின் வயிற்று வலியை டாக்டருக்கு விளக்கியவள். ஒருவன் தன்னைப் பற்றி ஆசிரியர் அடுக்கிய குறைகளையெல்லாம் பாராட்டாக மாற்றித் தகப்பனுக்குச் சொன்னவன். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். ஆனால் என் கதையை இதுவரை அந்தக் கூட்டத்தில் சொன்னதில்லை. அது ஒரு பைனாகுலர் வாங்கிய கதை.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலின் பின்பக்கம், பணியாளர் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா ஹோட்டல் குசினியில் வேலை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, மரக்கறி வெட்டுவது வரை உயர்ந்திருந்தார். அம்மா அறைகள் துப்புரவாக்குவாள். ஓகஸ்ட் முடிந்து விருந்தினர் குறைந்ததும் அந்த ஊரின் மணமே மாறிவிடும். குசினி வாசலில் காட்டுக் காளான் காயும். சிவப்புக் கோவா வினாகிரியில் வேகும். ஹோட்டல் வாசல் பலகையில் மானிறைச்சியின் விலையை எழுதுவார்கள். செப்டெம்பர் அங்கே வேட்டை மாதம். பள்ளிக்கூடத்திலும் பாண் கடையிலும் அந்த ஒரு பேச்சுத்தான்.

அப்பாவின் மேலாளர் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர். எல்லாரும் அவரை ஷெஃப் என்போம். பெரிய உடம்பு, சின்னக் குரல். வருடம் தவறாமல் வேட்டைக்குப் போகிறவர். ஒருநாள் பின்னேரம் குசினி வாசலில் நின்று சிகரெட் பிடித்தபோது, அப்பா எதிர்ச் சரிவைக் காட்டி ஆறு ஆடு நிற்கிறது என்றிருக்கிறார். ஷெஃப்புக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய்த் தன் பைனாகுலரை எடுத்து வந்து வெகு நேரம் தேடினாராம். பாறையோடு பாறையாக ஆறு மலையாடுகள். அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர். தூரத்தில் நீரின் நிறம் ஒரு துண்டு மாறினாலும் அங்கே மீன் நிற்கிறதா என்று சொல்லிப் பழகிய கண்.

அதற்குப் பிறகுதான் ஷெஃப் கேட்டார், இந்த வேட்டைக்குத் தன்னோடு வர முடியுமா என்று. துவக்குப் பிடித்துச் சுட வேண்டாம், அதற்கு அனுமதி அப்பாவுக்குக் கிடைக்கவும் மாட்டாது. பார்த்துச் சொன்னால் போதும். வழக்கமாக அவரோடு போகிற மைத்துனருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. தன் கண் இரண்டும் மங்கி வருவதை அவர் அப்பாவுக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஊரில் யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். குட்டிக்குப் பால் கொடுக்கிற பெண் மானைச் சுடக்கூடாது. சுட்டால் தானே போய் அதிகாரியிடம் சொல்ல வேண்டும், இறைச்சியை ஒப்படைக்க வேண்டும், தண்டம் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிது ஊரின் வாய். அதனால் மான் தனியாக நிற்கிறதா, பக்கத்துப் பற்றைக்குள் குட்டி இருக்கிறதா என்று விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு அப்பாவிடம் சொந்தமாக ஒரு பைனாகுலர் இருக்க வேண்டும் என்றார் ஷெஃப். ஒன்றை இருவர் மாற்றி மாற்றிப் பார்த்தால் மான் காத்திருக்காது. மலிவானதை வாங்காதே, உச்ச விலைக்கும் போகாதே, நடுவில் பார் என்று சொல்லி அனுப்பினார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மிருகம் பார்க்கவா இவ்வளவு காசு என்று கேட்டாள். ஒக்டோபரில் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அதில் கையெழுத்து வைப்பவர் ஷெஃப் என்று அப்பா சொன்னதும் காசை எண்ணிக் கொடுத்தாள். ஆனால் அப்பா அதற்காக மட்டும் போகவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவருக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

அப்பாவின் ஓய்வு நாளில் நானும் அவரும் சிவப்பு ரயிலில் கூர் நகரத்துக்குப் போனோம். அவருக்குக் குசினி ஜெர்மன் தெரியும். வெட்டு, கழுவு, சூடு, கவனம். கடையில் பேச நான் வேண்டும். வேட்டைக்கும் தூண்டிலுக்கும் சாமான் விற்கிற கடை அது. தோலும் எண்ணெயும் கலந்து மணத்தது. ஒரு வயதான பெண்மணி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு, கல்லாவுக்குப் பின்னால் நின்றார்.

அப்பா எவ்வளவு வைத்திருக்கிறார் என்று நான் சொன்னேன். அந்தப் பெண்மணி மேல்தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. கீழே அட்டைப் பெட்டிகளில் கிடந்ததையும் தொடவில்லை. நடுத்தட்டிலிருந்து இரண்டை எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தார். ஒன்று கறுப்பு, ரப்பர் போர்த்தியது, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது. எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி நாற்பது மில்லிமீற்றர். மற்றது பன்னிரண்டு மடங்கு, ஐம்பது மில்லிமீற்றர். அதன் முன் கண்ணாடிகள் இரண்டும் மாதுளம் முத்துப் போலச் சிவந்து மினுங்கின. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவர் நிதானமாகத்தான் விளக்கினார். இந்த விலைக்குள் எல்லாம் கிடைக்காது, எதை விடலாம் என்று தெரிந்து வாங்க வேண்டும். விட வேண்டியது மடங்கு. விடக்கூடாதது வெளிச்சம். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் பிரித்துப் பார்: நாற்பதை எட்டால் பிரித்தால் ஐந்து, ஐம்பதைப் பன்னிரண்டால் பிரித்தால் நாலும் கொஞ்சமும். கூடுதலாக வருகிறதே, அதுதான் இருட்டில் கண்ணுக்கு வருகிற வெளிச்சம். இரண்டையும் ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் காட்டினார். பார்க்கிற பக்கத்தில் சின்ன வெளிச்ச வட்டம் தெரிந்தது. ஒன்றில் பயறளவு, மற்றதில் அதைவிடச் சிறியது. பன்னிரண்டு மடங்கு என்றால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்கு, ஊன்றிப் பிடிக்க வேட்டைக்காரன் எங்கே மேசை கொண்டு போவான் என்றார். கறுப்புக்குள் தண்ணீர் போகாது, குளிரில் உள்ளே பனி படியாது. மற்றதன் கண்ணாடியில் உள்ள சிவப்புப் பூச்சு பார்க்க வடிவு, ஆனால் அது வெளிச்சத்தைத் தின்னும். பகலில் தேவாலயக் கோபுரம் பார்க்க நல்லது, வேட்டைக்கு ஆகாது.

எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆனால் நான் அதற்குள் சிவப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துவிட்டேன். கடை ஜன்னலுக்கு வெளியே, தூரத்துக் கோபுர மணிக்கூட்டின் முள் என் மூக்கு நுனியில் நின்றது. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், தன் தகப்பனுடையது பத்து மடங்கு பெரிதாக்கும் என்று பள்ளி தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுடையது எட்டு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பன்னிரண்டு என்று சொன்னால் அவள் முகம் எப்படி இருக்கும்?

நான் அப்பாவிடம், இதுதான் நல்லதாம், கூடத் தூரம் தெரியுமாம் என்றேன். அப்பா இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். கறுப்பையே கூட நேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"விடிஞ்சும் விடியாத நேரத்திலை வடிவாத் தெரியுமோ எண்டு கேள் பிள்ளை."

நான் கேட்டேன். ஒரு சொல் மாற்றாமல் சரியாகக் கேட்டேன். பெண்மணி சிவப்பைக் காட்டி, இல்லை, இதில் தெரியாது என்று தலையையும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை அப்பா பார்த்துவிட்டாரோ என்று பயந்து நான் அவசரமாகச் சொன்னேன்.

"ஓமாம். நல்லாத் தெரியுமாம்."

அப்பா சிவப்பை எடுத்தார். பெண்மணி என்னைப் பார்த்து, நான் சொன்னதை அவருக்குச் சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியைக் கட்டினார். பெரிதைக் கண்டு மயங்குகிற ஆள் என்று அப்பாவை நினைத்திருப்பார். ரயிலில் வரும்போது அப்பா, மற்றதைத் தள்ளிவிடப் பார்த்த மனுசி என்றார். இரண்டு பெரியவர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் தவறாக நினைத்துக்கொண்டு பிரிந்தார்கள். நடுவில் நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வேட்டை தொடங்கப் பத்து நாள் இருந்தது. அப்பா ஒவ்வொரு விடியலிலும் பல்கனியில் நின்று பழகினார். படம் ஆடியது. பல்கனிக் கம்பியில் முட்டுக் கொடுத்துப் பார்த்தார். சுவரில் சாய்ந்து பார்த்தார். மூச்சைப் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அம்மாவிடம், கை நடுங்குது போலக் கிடக்கு என்று மெதுவாகச் சொன்னார். குசினியில் ஈரத்தில் நிற்கிற கை, வயது போகிறது என்று அம்மாவும் சொன்னாள். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு. கோப்பியும் தேத்தண்ணியும் நடுக்கத்தைக் கூட்டும் என்று யாரோ சொல்ல, இரண்டையும் விட்டார். காலையில் சுடுதண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற அப்பாவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு காலையும் சொல்லியிருக்கலாம். வகுப்பில் அவளிடம் பன்னிரண்டு என்று சொல்லியாகிவிட்டது, அவளும் ஓ என்று ஒரு சொல்லோடு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

வேட்டையின் மூன்றாம் நாள் மதியம் நான் சாப்பிடப் பள்ளியிலிருந்து வந்தபோது, அப்பா சப்பாத்துக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். மேசையில் அந்தப் பெட்டி. அவர் அம்மாவுக்குச் சொன்னதைத்தான் நான் கேட்டேன். மரங்களின் ஓரத்தில் ஒரு பெண் மான் நின்றிருக்கிறது. ஷெஃப் துவக்கை நிமிர்த்திக்கொண்டு, குட்டி நிற்கிறதா என்று கேட்டார். அப்பா பார்த்தார். இருட்டும் ஆட்டமுமாக இருந்தது. மானுக்குப் பின்னால் பற்றை, பற்றைக்குள் கறுப்பு. இரண்டு தரம் பார்த்தார். தனியாக நிற்கிறது என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தபோது மடியில் பால். சத்தத்துக்கு ஓடிய குட்டி சற்று நேரத்தில் பற்றைக்குள்ளிருந்து திரும்பி வந்து, இருபது அடி தள்ளி நின்று இவர்களைப் பார்த்ததாம். ஷெஃப் கீழே இறங்கி, தானே போய் வேட்டை அதிகாரியிடம் சொன்னார். தாயில்லாமல் குட்டி குளிர்காலம் தாண்டாது என்று அந்த அதிகாரி இரண்டு பின்னேரம் அதே இடத்தில் காத்திருந்து அதையும் சுட்டார் என்று பின்னால் அறிந்தோம். பாண் கடையில் ஆட்கள் ஷெஃப்பைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள்.

"என்ரை கண் பழுதாப் போட்டுது," என்றார் அப்பா அம்மாவிடம். "இனி என்னைக் கூப்பிட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

அம்மாவுக்கு ஒக்டோபர் ஒப்பந்தம்தான் கண்முன் நின்றது. அதைச் சொல்லவில்லை. கோதுமை மாப் புட்டைத் தட்டில் போட்டு அப்பாவுக்கு முன்னால் வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இதையும் சொல்லத்தான் வேண்டும், அன்று நான் வயிறாறச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனது நான். பள்ளத்தாக்கின் கீழ்ப்பக்கத்து ஊர். டாக்டர் இளம் பெண். எழுத்துப் பலகையில் கடைசி வரியைக் காட்டினார். அப்பாவுக்கு எழுத்தின் பெயர் சொல்லக் கூச்சம், விரலால் காற்றில் வரைந்து காட்டினார். ஒன்றிலும் பிழையில்லை. டாக்டர் கண்ணுக்குள் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, நிறங்கள் காட்டி, கடைசியில் என்னிடம் சொன்னார்: அப்பாவிடம் சொல், இவ்வளவு நல்ல கண்ணை நான் இந்த மாதம் பார்க்கவில்லை.

அதை நான் சரியாகச் சொன்னேன். அப்பாவின் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் இறங்கியது. கண்ணில் பிழையில்லை என்றால் பிழை எதில் என்று அவர் தேடத் தொடங்கியதை நான் பார்த்தேன். கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார்.

ஸ்டேஷன் மேடையில் வெயில் அடித்தது. மருந்து விட்ட கண்ணுக்கு வெளிச்சம் கூசும் என்று அப்பா ஒரு கையால் நெற்றியை மறைத்துக்கொண்டிருந்தார். என் முகம் அவருக்கு வடிவாகத் தெரியாது என்ற துணிவில்தான் நான் வாய் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

"கண்ணிலை ஒண்டுமில்லை அப்பா. அந்தக் கண்ணாடியிலைதான் பிழை. கடை மனுசி அதை வேண்டாம் எண்டுதான் சொன்னவ."

"இருட்டிலை தெரியுமோ எண்டு நான் கேட்டதுக்கு?"

"தெரியாது எண்டு சொன்னவ."

ரயில் வந்து நின்றது. அப்பா எழும்பவில்லை. கதவு மூடி ரயில் போனது. அடுத்ததற்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அடிப்பார் என்று இருந்தேன், அவர் ஒருநாளும் அடித்ததில்லை என்றாலும். அவர், அந்த மனுசி சொன்னதெல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் இப்போது சொல்லு என்றார். நான் சொன்னேன். பிரித்துப் பார்க்கிற கணக்கு, வெளிச்ச வட்டம், தண்ணீர் போகாதது, சிவப்புப் பூச்சு. பன்னிரண்டு மடங்கு நடுக்கம் என்று வந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தினார். வலக்கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, வெகு நேரம் அப்படியே பிடித்திருந்தார். கை அசையவில்லை.

"அப்ப எனக்குக் கை நடுங்கேல்லை," என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் தேத்தண்ணி கேட்டு வாங்கி, இரண்டு கோப்பை குடித்தார்.

மறுநாள் பள்ளி விட்டதும் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போனார். ஷெஃப் கஷ்கொட்டைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் ஜெர்மனில் சொன்னேன். அப்பா பக்கத்தில் நின்றார், என் தோளில் கை வைக்கவுமில்லை, விலகி நிற்கவுமில்லை. ஷெஃப் கத்தியைக் கீழே வைத்தார். தன் நெஞ்சிலும் ஒரு பைனாகுலர் தொங்கியது என்றார். அதைத் தூக்கவில்லை, தூக்கினாலும் தெரியாது என்று அவருக்குத் தெரியும். கண் தெரியாதவன் சுடக்கூடாது, அதைத் தெரிந்துகொண்டேதான் மலைக்குப் போனேன், ஒரு வருடம் போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று போனேன் என்றார். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய மனிதர் அப்படிப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உன் பிழை உன்னுடையது, துவக்கு என்னுடையது என்றார். பிறகு, ஒப்பந்தத்தில் திங்கட்கிழமையே கையெழுத்து வைத்தாகிவிட்டது, அப்பாவிடம் சொல் என்றார்.

நான் சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷெஃப்பின் முகத்தைப் பார்த்தார். ஷெஃப் ஓம் என்று தலையை ஆட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அந்தப் பார்வையை நான் முப்பத்தைந்து வருடமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த ஓய்வு நாளில் மறுபடியும் கூர் நகரத்துக்குப் போனோம். அப்பா கடைக்குள் வாசலோரம் இருந்த மர வாங்கைக் காட்டி என்னை அங்கே இருக்கச் சொன்னார். பெட்டியைக் கல்லாவில் வைத்து, தானே பேசினார். குசினிச் சொற்கள்தான். காலை, கறுப்பு, மான், குட்டி, பார்க்கவில்லை, நல்லதில்லை. பெண்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாங்கை விட்டு எழும்பவில்லை. அவர் அப்பாவின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் பேசத் தொடங்கினார். பென்சில் எடுத்து வட்டங்கள் வரைந்தார். அப்பா பென்சிலை வாங்கித் தானும் ஒன்று வரைந்தார். பொழுது இருண்டு மைமல் படுகிற வரை கடையை மூடாமல் வைத்திருந்து, இரண்டு பைனாகுலர்களோடும் அவரைப் பின்வளவுக்குக் கூட்டிப்போய், மரங்களுக்கு அடியில் இருந்த நிழலைப் பார்க்கச் சொன்னார். கடைக்குள் நான் தனியாக, தோல் மணத்தோடு இருந்தேன். வெளியே அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. கறுப்பை மாற்றிக்கொண்டு வந்தார். மாற்றியதற்கு அந்தப் பெண்மணி காசு ஒன்றும் கேட்கவில்லை.

ஷெஃப் அதற்குப் பிறகு வேட்டை அனுமதி எடுக்கவில்லை. ஞாயிறுகளில் அவரும் அப்பாவும் துவக்கில்லாமல் மலைக்குப் போனார்கள். அந்தக் கறுப்புப் பைனாகுலர், நாங்கள் வில் நகரத்துக்கு வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்தது. அதற்கு அதிகம் வருந்தியது அம்மாதான். பல்கனியில் நின்று கீழே ரயிலில் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு அதைவிட நல்லது இல்லை என்பாள்.

அப்பா அதன் பிறகு என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போனார். டாக்டரோ, கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகமோ, தட்டுத் தடுமாறித் தானே பேசினார். உங்களெல்லாருக்கும் பதினெட்டு வயது வரை இருந்த வேலை எனக்குப் பத்து வயதில் போய்விட்டது. அதைத் தண்டனை என்றே வைத்திருந்தேன். என்னை இனி நம்பமாட்டார், அதனால்தான் என்று.

போன மாதம் வில்லில் அவரைப் பார்க்கப் போனபோது கேட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கடையில் நான் பிழையாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"நீ பிழையாச் சொன்னனியோ? அது எனக்கு ஞாபகமில்லைப் பிள்ளை. நான் போய்க் கதைச்சது ஞாபகம். ஆறு வருசமா இந்த நாட்டிலை இருந்து, நான் கேட்டு எனக்கே மறுமொழி வந்தது அண்டைக்குத்தான்."

பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்து, அன்று கல்லாவின் முன் நின்று சொன்ன ஜெர்மன் சொற்களை, அதே வரிசையில், அதே பிழைகளோடு, ஒன்றும் விடாமல் சொல்லிக் காட்டினார்.